கை வைக்காமலே நகரும் கண்ட்ரோலர்: 'ஸ்டிக் ட்ரிஃப்ட்' ஏன் வருகிறது, யார் பொறுப்பு?

கண்ட்ரோலர் மேசை மேல் கிடக்கிறது. யாரும் தொடவில்லை. ஆனாலும் திரையில் இருக்கும் ஆள் மெதுவாக இடது பக்கம் நடந்துகொண்டே இருக்கிறார். துப்பாக்கிச் சண்டை கேம் என்றால் கேமரா தானாக வானத்தைப் பார்க்கிறது. கால்பந்து கேம் என்றால் நேராகப் போக வேண்டிய பாஸ் கோட்டுக்கு வெளியே போகிறது. மெனுவில் ஒன்றைத் தேர்வு செய்யப் போனால் கர்சர் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது.

இதற்குப் பெயர் 'ஸ்டிக் ட்ரிஃப்ட்'. ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் என்று எதை வைத்திருப்பவரும் இன்றோ நாளையோ சந்திக்கிற தொல்லை. வீட்டில் முதலில் வரும் தீர்ப்பு என்னமோ, "இப்படிப் போட்டு அமுக்கினா அது உடையாம என்ன பண்ணும்?" என்பதுதான். பல நேரம் கடைக்காரரும் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆனால் கோபத்தில் சுவரில் வீசாமல், ஒழுங்காக விளையாடியவரின் கண்ட்ரோலரிலும் இது வருகிறது. காரணம் விரல் இல்லை. விரலுக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன, மலிவான பாகம்.

பழைய ரேடியோவின் 'கரகர'

பழைய டேப் ரெக்கார்டரிலோ ரேடியோவிலோ வால்யூம் குமிழைத் திருப்பும்போது 'கரகர' என்று ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குமிழுக்குப் பின்னால் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். வளைந்த ஒரு கார்பன் தடம். அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு சின்ன உலோகக் கை. கை எந்த இடத்தில் நிற்கிறதோ, அதற்கு ஏற்ப மின்னழுத்தம் கூடும் அல்லது குறையும். வருடக்கணக்கில் உரசி உரசி கார்பன் தேயும், பொடி உதிரும். அப்போதுதான் அந்தக் கரகர.

இன்று விற்கும் பெரும்பாலான கண்ட்ரோலர்களில் அனலாக் ஸ்டிக்குக்குக் கீழே இருப்பதும் அதே பொட்டென்ஷியோமீட்டர்தான். ஒரு ஸ்டிக்குக்கு இரண்டு. ஒன்று இடது-வலது அசைவைப் பார்க்கும், மற்றொன்று மேல்-கீழ் அசைவைப் பார்க்கும். அந்த மின்னழுத்தத்தை உள்ளே இருக்கும் சிப் எண்ணாக மாற்றுகிறது. ப்ளேஸ்டேஷன் கண்ட்ரோலர்களில் அது 0 முதல் 255 வரை. ஸ்டிக் நடுவில் நின்றால் 128-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கையை எடுத்தால் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவருவது ஒரு ஸ்ப்ரிங்.

இப்போது இதில் என்னென்ன கெடலாம் என்று யோசித்தால் ட்ரிஃப்ட் புரிந்துவிடும். கார்பன் தடம் தேயலாம். உதிர்ந்த பொடி அங்கேயே தங்கி, உலோகக் கை தடத்தைச் சரியாகத் தொடாமல் போகலாம். ஸ்ப்ரிங் தளர்ந்து, ஸ்டிக் நடுவுக்கு வராமல் ஒரு ஓரமாகவே நிற்கலாம். வெளியிலிருந்து தூசியோ மிக்சர் துகளோ உள்ளே போகலாம். எது நடந்தாலும் சிப்புக்கு வருவது 128 இல்லை. 140, 150 என்று ஏதோ ஒன்று. 'விளையாடுபவர் லேசாக வலது பக்கம் தள்ளுகிறார் போல' என்று கேம் நினைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

புது ஸ்டிக்கும் நூல் பிடித்த மாதிரி நடுவில் நிற்காது. அதனால்தான் கேம்களில் 'டெட் ஸோன்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நடுவைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். அதற்குள் வரும் அசைவைக் கேம் கண்டுகொள்ளாது. தேய்மானம் அந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. வட்டத்தைத் தாண்டிய அன்றைக்குத்தான் "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே!" என்ற புலம்பல் ஆரம்பிக்கிறது. உண்மையில் அது பல மாதமாகத் தேய்ந்துகொண்டுதான் இருந்தது.

417 மணி நேரம்

எத்தனை நாள் தாங்கும்? இந்தக் கேள்விக்கு நிறுவனங்கள் பெட்டி மேல் பதில் போடுவதில்லை. ஆனால் பதில் இருக்கிறது. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான ஐஃபிக்சிட், ப்ளேஸ்டேஷன் 5-ன் டூயல்சென்ஸ் கண்ட்ரோலரை 2021 பிப்ரவரியில் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்தது ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ஸ்டிக் பாகம். அதன் ஆயுள் 20 லட்சம் சுற்று என்று கணக்கு.

20 லட்சம் என்றால் கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன் மாதிரி ஒரு வேகமான கேமில் ஸ்டிக் எவ்வளவு சுழல்கிறது என்று ஐஃபிக்சிட் எண்ணிப் பார்த்தபோது, சுமார் 417 மணி நேரத்திலேயே அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 சுற்று. தினமும் இரண்டு மணி நேரம் விளையாடினால் ஏழு மாதம். பொதுவாகத் தரப்படும் ஒரு வருட வாரண்டிகூட முடிந்திருக்காது.

417-வது மணி நேரத்தில் எல்லா ஸ்டிக்கும் செத்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பாகத்தைத் தயாரித்தவர் உத்தரவாதம் கொடுப்பது அதுவரைதான். அதற்கு மேல் ஓடினால் அதிர்ஷ்டம். செஸ், கார்டு கேம் மட்டும் விளையாடுபவருக்குப் பல வருடம்கூட ஓடலாம். ஆனால் இந்தியாவில் அறிமுகமானபோது 5,990 ரூபாய்க்கு விற்ற ஒரு கண்ட்ரோலரை வாங்குபவருக்கு, அதன் முக்கியமான பாகத்துக்கு இப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. பல்புப் பெட்டியில்கூட எத்தனை மணி நேரம் எரியும் என்று போட்டிருக்கிறார்கள்.

'டயர் தேயத்தானே செய்யும்!'

ட்ரிஃப்ட் என்ற வார்த்தையை உலகம் முழுக்கப் பரப்பியது நின்டெண்டோவின் ஜாய்கான். 2017 மார்ச்சில் ஸ்விட்ச் கூடவே வந்த அந்தக் குட்டிக் கண்ட்ரோலர்கள் மெலிதாக இருக்க வேண்டும் என்பதற்காக, வழக்கமான பெட்டி வடிவப் பாகத்துக்குப் பதிலாகத் தட்டையான ஒன்றை வைத்தார்கள். வேலை செய்யும் விதம் அதேதான்: கார்பன், அதன் மேல் உரசும் உலோகம். இரண்டு வருடத்துக்குள் புகார்கள் குவிந்தன. 2019 ஜூலையில் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். வாரண்டி முடிந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருகிறது நின்டெண்டோ என்ற செய்தியும் அதே மாதம் அங்கே வெளியானது. ஜப்பானில், 2020 ஜூன் பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்தார். வழக்கு நடப்பதால் மேற்கொண்டு பேச முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

ஐரோப்பாவில் விஷயம் இன்னும் பெரிதானது. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பியூக், கிட்டத்தட்ட 25,000 புகார்களைத் திரட்டி 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. புகார் சொன்னவர்களில் 88 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள்ளேயே கண்ட்ரோலர் கெட்டுவிட்டிருந்தது. பிரிட்டனின் விட்ச் அமைப்பு ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து, சில மாதப் பயன்பாட்டிலேயே உரசும் இடத்தில் தேய்மானம் தெரிகிறது, தூசியைத் தடுக்கும் உறையும் போதாது என்று 2022 டிசம்பரில் சொன்னது. 2023-ல் நின்டெண்டோ இறங்கி வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் வாரண்டி முடிந்திருந்தாலும், சாதாரணத் தேய்மானமாகவே இருந்தாலும், ஜாய்கான் ட்ரிஃப்ட்டை இலவசமாகச் சரிசெய்வதாக அறிவித்தது.

சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் தப்பவில்லை. 2020 ஏப்ரலில் எக்ஸ்பாக்ஸ் எலீட் கண்ட்ரோலருக்காக மைக்ரோசாஃப்ட் மீதும், 2021 பிப்ரவரியில் டூயல்சென்ஸுக்காக சோனி மீதும் அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. எலீட் சீரிஸ் 2-க்கு வெறும் 90 நாளாக இருந்த வாரண்டியை மைக்ரோசாஃப்ட் ஒரு வருடமாக உயர்த்தியது. அதுவே ஒரு ஒப்புதல் மாதிரிதான். அமெரிக்க வழக்குகளில் சில, யாருமே படிக்காமல் 'சம்மதம்' அழுத்தும் அந்த நீண்ட ஒப்பந்தத்தில் இருந்த அர்பிட்ரேஷன் விதியைக் காட்டி நீதிமன்றத்துக்கு வெளியே அனுப்பப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டிய பேச்சு ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் ஸ்விட்ச் ஓலெட் மாடல் வந்தபோது, நின்டெண்டோவின் வடிவமைப்பாளர்கள் நிறுவனத்தின் சொந்தப் பேட்டியிலேயே ஒரு உவமை சொன்னார்கள். கார் ஓட ஓட டயர் தரையில் உரசித் தேய்கிற மாதிரி, ஸ்டிக்கும் தேயத்தான் செய்யும் என்றார்கள். நியாயமான உவமைதான். ஆனால் டயர் தேய்ந்தால் யாரும் காரைத் தூக்கிப் போடுவதில்லையே! டயரை மட்டும் கழற்றி மாற்றுவார்கள். எந்த ஊரிலும் கிடைக்கும், பஞ்சர் கடையிலேயே மாற்றித் தருவார்கள். கண்ட்ரோலரில் அந்த வசதி இருக்கிறதா? டூயல்சென்ஸில் ஸ்டிக் பாகம் போர்டோடு சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்டிக்கை எடுக்க 14 இடத்தில் ஈயத்தை உருக்க வேண்டும். தேயும் என்று தெரிந்தே வைத்த பாகத்தை, கழற்ற முடியாத இடத்தில் வைப்பதுதான் இங்கே தவறு. தேய்மானம் இயற்கை என்றால், மாற்றும் வசதியும் பெட்டிக்குள்ளேயே வந்திருக்க வேண்டும்.

சோனிக்கு இது தெரியாததும் இல்லை. 2023 ஜனவரியில் வந்த டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்டிக் பாகத்தை மட்டும் நெம்பி எடுத்துப் புதிது போடலாம். சால்டரிங் வேண்டாம். ஆனால் அந்தக் கண்ட்ரோலரின் விலை சாதாரண மாடலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பழுதுபார்க்கும் வசதியை 'பிரீமியம்' ஆக்கி விற்கிறார்கள்.

காந்தம் இருக்கும்போது கார்பன் ஏன்?

உரசினால் தேயும். அப்படியானால் உரசாமல் செய்ய முடியாதா? முடியும். அதுவும் பழைய விஷயம். 1998-ல் ஜப்பானில் வந்த செகா ட்ரீம்காஸ்ட் கண்ட்ரோலரின் ஸ்டிக்கில் கார்பன் தடம் கிடையாது. ஸ்டிக்கோடு ஒரு காந்தம் அசையும். காந்தப் புலம் மாறுவதைக் கொஞ்சம் தள்ளி இருக்கும் சென்சார் பார்த்துச் சொல்லும். இதுதான் ஹால் எஃபெக்ட். தொடுதலே இல்லை என்பதால் தேய்வதற்குத் தடமும் இல்லை.

(அதே காலத்து நின்டெண்டோ 64 வேறு ரகம். அதன் ஸ்டிக் உள்ளே பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசிப் பொடியாகும். மரியோ பார்ட்டி கேமில் அந்த ஸ்டிக்கை உள்ளங்கையால் வேகமாகச் சுழற்றிக் குழந்தைகளுக்குக் கை கொப்புளித்துப்போனதால், 2000-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலோடு உடன்பாடு செய்து வீட்டுக்கு வீடு கையுறை தருவதாக நின்டெண்டோ ஒப்புக்கொண்ட கதையும் உண்டு.)

இன்று கலிகிட், 8பிட்டூ போன்ற சீன நிறுவனங்கள் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வைத்த கண்ட்ரோலர்களைச் சர்வசாதாரணமாக விற்கின்றன. பல மாடல்கள் டூயல்சென்ஸைவிட விலை குறைவு. அடுத்த கட்டமாக டி.எம்.ஆர் என்ற வகையும் வந்துவிட்டது. அதுவும் காந்தம்தான், ஆனால் இன்னும் நுணுக்கமாக அளக்கும், பேட்டரியையும் குறைவாகக் குடிக்கும்.

அப்படி இருக்க, மூன்று பெரிய நிறுவனங்களும் ஏன் கார்பனை விடவில்லை? பொட்டென்ஷியோமீட்டர் மலிவு, மின்சாரம் குறைவாக எடுக்கும், பல வருடமாகப் பழகிய பாகம். கோடிக்கணக்கில் தயாரிக்கும்போது ஒரு பாகத்தில் சில ரூபாய் மிச்சம் என்பதும் பெரிய தொகை. 2025 ஜூன் 5-ல் ஸ்விட்ச் 2 வந்தது. ஜாய்கான் 2-ஐ அடியிலிருந்து புதிதாக வடிவமைத்திருக்கிறோம், ஆனால் ஹால் எஃபெக்ட் இல்லை என்று நின்டெண்டோவே சொல்லிவிட்டது. ஐஃபிக்சிட் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது மறுபடியும் அதே பொட்டென்ஷியோமீட்டர். இத்தனை வழக்கு, இத்தனை புகாருக்குப் பிறகும்!

காந்த ஸ்டிக் சர்வரோக நிவாரணி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ப்ரிங் அதிலும் உண்டு, அது தளரும். அளவீடு சரியாகச் செய்யாவிட்டால் நடுப்புள்ளி விலகும். 'ட்ரிஃப்ட் வரவே வராது' என்று விளம்பரத்தில் போடுவது கொஞ்சம் ஓவர். ஆனால் ட்ரிஃப்ட்டின் முக்கியமான காரணமே அங்கே இல்லை.

சரி, கையில் இருப்பதை என்ன செய்யலாம்?

முதல் கேள்வி, வாரண்டி இருக்கிறதா? இருந்தால் திறக்கவே கூடாது. பில்லோடு சர்வீஸ் சென்டர். அதற்கு முன்னால் ட்ரிஃப்ட்டை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே போய்க் காட்டும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் வினோதம் இதில் அடிக்கடி நடக்கும்.

வாரண்டி முடிந்திருந்தால், செலவில்லாத வழியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்விட்ச் என்றால் செட்டிங்ஸில் கண்ட்ரோலர் பகுதிக்குப் போனால் ஸ்டிக்கை மறுபடி அளவீடு செய்யும் வசதி உண்டு. டூயல்சென்ஸ் என்றால் பின்பக்கம் ஒரு ஊசித் துளை இருக்கும். அதற்குள் இருக்கும் ரீசெட் பட்டனைப் பின்னால் சில நொடி அமுக்கிப் பிடித்தால், ஜோடி சேர்ப்பில் வந்த கோளாறு என்றால் சரியாகிவிடும். பிறகு கேமின் டெட் ஸோன். கால் ஆஃப் டியூட்டி, ஃபோர்ட்நைட் போன்றவற்றில் செட்டிங்ஸிலேயே மாற்றலாம். கம்ப்யூட்டரில் ஸ்டீம் வழியாக விளையாடினால் எல்லா கேமுக்கும் சேர்த்து மாற்றலாம். ஒரேயடியாக ஏற்றாமல், ஆள் நகர்வது நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இது நோயைத் தீர்க்காது, வலி மறைக்கும் மாத்திரை. அதிகமாக வைத்தால் லேசாகக் குறிபார்க்கும் நுணுக்கம் போய்விடும்.

அடுத்தது சுத்தம் செய்வது. கண்ட்ரோலரை அணைத்துவிட்டு, ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து, அடியில் 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு விட்டு, நன்றாகச் சுழற்றி, முழுசாகக் காய்ந்த பிறகு ஆன் செய்ய வேண்டும். உள்ளே தங்கிய பொடிதான் பிரச்சினை என்றால் இதிலேயே சரியாகும். சில வாரத்தில் திரும்பியும் வரலாம், ஏனென்றால் தேய்ந்த தடம் திரும்ப வளராது.

இங்கே நடக்கும் தவறுகள்தான் பரிதாபம். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த ஹேண்ட் சானிடைசரை விடுகிறார்கள். அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் இருக்கிறது, வேண்டவே வேண்டாம். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூ.டி-40 வேறு, அதே நிறுவனத்தின் கான்டாக்ட் கிளீனர் வேறு. முதலாவது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், தூசி இன்னும் ஒட்டும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசி வழி பாகத்தையே மாற்றுவது. ஜாய்கானில் இது கஷ்டம் இல்லை. ஸ்டிக் ஒரு மெல்லிய ரிப்பன் கேபிளில்தான் மாட்டியிருக்கும், சால்டரிங் கிடையாது. வெளிப்பக்கம் இருக்கும் ஒய் வடிவ ஸ்க்ரூவுக்கு ஏற்ற டிரைவரும் பொறுமையும் போதும். 2021-ல் ஒரு யூடியூபர், ஸ்டிக்குக்கு அடியில் 1 மில்லிமீட்டர் அட்டைத் துண்டை வைத்து அழுத்தம் கொடுத்தே ட்ரிஃப்ட்டை நிறுத்திக் காட்டினார். தொடுதல் தளர்வதுதான் சிக்கல் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் என்றால் சால்டரிங் தெரிந்தவர் கைக்குத்தான் போக வேண்டும். யூடியூப் பார்த்து முதல்முறை சூட்டுக்கோல் பிடிப்பவர், கெட்ட ஸ்டிக்கோடு நல்ல போர்டையும் சேர்த்து இழக்க வாய்ப்பு அதிகம். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கொடுப்பவர்கள், "மாத்துறதுதான் மாத்துறீங்க, ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கே போடுங்க அண்ணா" என்று கேட்கலாம். இதே அளவில் மாற்று ஸ்டிக்குகள் வந்துவிட்டன. போட்ட பிறகு நடுப்புள்ளி அளவீடு செய்து தருவாரா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் புது ஸ்டிக்கும் கோணலாகத்தான் நிற்கும்.

ஐரோப்பாவில் இலவசம், இங்கே?

ஐரோப்பாவில் கிடைத்த அந்த இலவசப் பழுதுபார்ப்பு இந்தியாவுக்குப் பொருந்தாது. ஸ்விட்ச் 2017-ல் வந்தபோது இந்தியாவில் அதற்கு அதிகாரப்பூர்வ விற்பனையே இல்லை. இங்கே புழங்கியதெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி வந்ததும், இறக்குமதிக் கடைகளில் கிடைத்ததும்தான். ஒரே தொழிற்சாலையில் தயாரான, ஒரே பழுதுள்ள கண்ட்ரோலர். பாரிஸில் இருந்தால் தபாலில் அனுப்பினால் சரியாகி வரும், மதுரையில் இருந்தால் சொந்தச் செலவு. ஐரோப்பாவில் இது சாத்தியமானது நிறுவனத்தின் நல்ல மனசால் மட்டும் இல்லை. 25,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள், அவர்களுக்காக வாதாட ஒரு அமைப்பு இருந்தது.

இந்தியாவில் 'பழுதுபார்க்கும் உரிமை' பேச்சு 2022 ஜூலையில் தொடங்கியது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே வருடம் டிசம்பர் 24-ம் தேதி இதற்கென ஒரு இணையதளமும் வந்தது. கேம் கண்ட்ரோலர் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. பசங்க விளையாட்டுச் சாமான்தானே என்று விட்டுவிடக் கூடாது. பாக ஆயுளைப் பெட்டியில் போடு, பாகத்தைத் தனியாக விற்பனைக்கு வை, கழற்றும்படி வடிவமை என்ற மூன்றும் மிக்ஸிக்கு எவ்வளவு நியாயமோ கண்ட்ரோலருக்கும் அவ்வளவு நியாயம்.

அதுவரை இருக்கிற சட்டமும் ஒன்றும் இல்லாதது அல்ல. இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக வாங்கியது, வாரண்டிக்குள் ட்ரிஃப்ட் வந்தது, "நீங்க முரட்டுத்தனமா யூஸ் பண்ணியிருக்கீங்க" என்று சர்வீஸ் சென்டர் கைவிரித்தது என்றால், அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை பொருளின் மதிப்பு இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இதற்கெல்லாம் பில் வேண்டும். பில் இல்லாமல் ஐந்நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று கடையில் சொன்னால், விட்டுக்கொடுப்பது இந்த வழியைத்தான்.

செகண்ட் ஹேண்ட் கண்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் செலவழித்தால் போதும். கண்ட்ரோலரைச் சோதிக்கும் இணையப் பக்கங்கள் நிறைய உண்டு. கடையில் இருக்கும் கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ ஒன்றைத் திறந்து, கண்ட்ரோலரை இணைத்து, இரண்டு ஸ்டிக்கையும் பத்து முறை நன்றாகச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். புள்ளி ஒவ்வொரு முறையும் நடுவுக்குப் பக்கத்தில் வந்து அசையாமல் நின்றால் சரி. நடுங்கினாலோ, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றாலோ, விலையை எவ்வளவு குறைத்தாலும் ஒரு ஸ்டிக் மாற்றும் செலவை அதோடு கூட்டிக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.